தலைக்கு எவ்வளவு புகை?

காக்ஸ் டவுன், பெங்களூர்
17.8.1998

அன்புள்ள மச்சான் பாலசுப்ரமணியனுக்கு இராஜமாணிக்கம் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா மங்களமும் நலம். நீயும் சரளாவும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் "பார்க்கலாம் மாமா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம். உள்ளே நான்கு துணித்துண்டுகள் இருக்கின்றன. தொட்டால் கை கழுவிக்கொள்.

ஜீவனஹள்ளியிலிருந்து காலை எட்டேகாலுக்கு ஈஜிபுரா போகும் பஸ்ஸை, ஆள் குறைவு, புகை அதிகம் என்று சொல்லி உங்கள் போக்குவரத்து ஆபீஸ் நிறுத்தப்போகிறதாம். மங்களம் அதில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். இரண்டு பஸ் மாற அவள் முழங்கால் இடம் கொடுக்காது, என் ஸ்கூட்டரில் ஏறவும் மாட்டாள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது அவள் வேலையை விடுவதா? நான் விடமாட்டேன்.

புகையை அளந்தவர்கள், அது எத்தனை பேருக்கான புகை என்று வகுத்துப் பார்த்தார்களா? முப்பது வருஷம் ஸ்டோர்ஸில் எடை போட்டவன் நான். பழைய வேட்டியைக் கிழித்து, பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சைலன்சருக்கு நேராக இருபது எண்ணும்வரை பிடித்தேன். முதல் நாள் துணியைவிட என் முகம்தான் கறுத்தது, கண்டக்டர் ஓஸ்வால்ட் எட்டிப் பார்த்து, "என்ன சார், பஸ்ஸுக்கு மூக்கு சிந்தி விடறீங்களா?" என்றான், மறுநாள் துணி பறந்துபோய் டிராபிக் போலீஸ்காரர் தொப்பியில் உட்கார்ந்தது, அவர் கன்னடத்தில் திட்டியதை உனக்கு எழுத முடியாது, மூன்றாம் நாள் பால்காரர் முனியப்பன், "துணி என்ன வெல சார்?" என்று கேட்டார், இத்தனைக்கும் நான் அசரவில்லை. கறைக்கு மதிப்பெண் போட்டேன்: பால் பூஜ்யம், காபி இரண்டு, டிகாஷன் பத்து, சட்டிக்கரி இருபது. பஸ் சட்டிக்கரிதான், மறைக்கவில்லை. ஆனால் தலைகளை எண்ணினேன், நாற்பது! தலைக்கு அரை மதிப்பெண். நான்காவது துணி, நான் தினமும் நிறுத்தத்துக்குப் போய்வரும் ஸ்கூட்டரின் புகையில் பிடித்தது, வெறும் காபி. ஒரு தலைக்கு இரண்டு. எது சுத்தம், நீயே சொல். புதன்கிழமை நேரில் வந்து பார்த்து உத்தரவை ரத்து செய்.

பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சரளாவின் சளி தேவலையா?

இப்படிக்கு,
இராஜமாணிக்கம்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் மங்களம் இதைப் படித்துவிட்டாள். "ஏங்க, அந்த நாப்பது பேரும் உங்க கூத்தப் பாக்க நின்னவங்க. ஒருத்தரும் ஏறல. உள்ள நாங்க ஒம்பது பேருதான். நீங்க ஒரு நாளாவது அந்த பஸ்ல ஏறியிருக்கீங்களா?" என்றாள். ஏறியதில்லை. இருபதை ஒன்பதால் வகுத்தால் என் ஸ்கூட்டர் ஜெயிக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஸ்கூட்டர் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டேன். நாளை முதல் நானும் அவளோடு ஈஜிபுரா வரை போய் வருகிறேன். என்னையும் சேர்த்துப் பத்து பேர், தலைக்கு இரண்டு. பஸ்ஸும் ஸ்கூட்டரும் சமம். புதன்கிழமை நீ ஆபீஸ் ஜீப்பில் வராதே. எட்டு மணிக்கே ஜீவனஹள்ளி வந்து பஸ்ஸில் ஏறு. ஜன்னலோரம் உனக்கு இடம் போட்டு வைக்கிறேன். நீ பதினோராவது ஆள்.