214-ஆம் எண் வீரன்

மெஷின் கதவைத் திறந்த சலவைக்கடை அக்கா, உள்ளே பார்த்துவிட்டு மறுபடியும் மூடிவிட்டார். கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் வேறு மாதிரி இருக்குமோ என்று ஒரு நப்பாசை. அப்படியெல்லாம் இல்லை.

காலையில் உள்ளே போனது வான நீலத்தில் உடம்பை ஒட்டினாற்போல் ஓர் உடுப்பும், ரத்தச் சிவப்பில் முதுகில் தொங்கும் ஒரு போர்வையும். இப்போது இரண்டும் ஒரே கத்திரிப்பூ நிறத்தில் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன. நெஞ்சிலிருந்த மஞ்சள் நட்சத்திரம் மட்டும் சாயம் ஏறாமல் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு முனை பெயர்ந்து தொங்கியது.

"சிவப்பையும் நீலத்தையும் ஒண்ணா போட்டீங்களா?" பக்கத்துக் கடைத் தையல்காரர் கழுத்தை நீட்டினார். "ரசீதுலயே 'தனித்தனியாக'ன்னு எழுதியிருக்கே!"

"எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா துவைக்கிறேன்."

"அப்புறம் ஏன்?"

"பிரிக்க மனசு வரலைங்க. எந்தக் காமிக்ஸ்லயாவது அந்தப் போர்வை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்னு பார்த்திருக்கீங்களா?"

தையல்காரர் காமிக்ஸே பார்த்ததில்லை.

அக்கா பார்த்திருக்கிறார். பள்ளிக்கூட நாளில் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கத் தொடங்கியவர், இன்றும் கல்லாப் பெட்டிக்கு அடியில் ஒரு கட்டு வைத்திருக்கிறார். உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள் நம் நடுவேதான் சாதுவாக உலாவுகிறார்கள், அடையாளம் கண்டுபிடிக்கத்தான் கண் வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கண் சலவைக்கடைக்காரிக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? தபால் நிலைய குமாஸ்தாவின் சட்டைகளில் மாதம் தவறாமல் மூன்றாவது பட்டன் பிய்ந்து வந்தது. அவசரத்தில் நெஞ்சைத் திறந்துகொண்டு பறக்கிற ஆள் என்று அக்கா கணித்தார்.

"தொப்பைக்கா, தொப்பை" என்று தையல்காரர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தன் வீட்டுக்காரரையும் சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஏதோ ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வாளி, சோப்பு, கையுறைகளை எண்ணிக் கொடுக்கும் வேலை அவருக்கு. ஒரு பட்டன்கூடப் பிய்ந்ததில்லை. ஒருமுறை ஒழுகும் கூரையைச் சரிபார்க்க ஏணியில் ஏறினார். நான்காவது படியிலேயே அக்கா கீழிருந்து போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அன்றோடு ஏணியை யாருக்கோ கொடுத்தாயிற்று. பறக்கிறவர்களைப் பார்த்தால் அக்காவுக்குப் புல்லரிக்கும். தன் மனிதர் மட்டும் தரையில்தான் இருக்க வேண்டும்.

இப்படியிருக்கையில்தான் நேற்று அந்த நெட்டையர் வந்தார். ஆறடிக்கு மேலே உயரம், கதவகலத் தோள், பூனை மாதிரி குரல். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு முன்னும் பின்னும் பார்த்தார்.

"நாளை மறுநாள் காலைல எட்டு மணிக்கு அவசியம் வேணுங்க. ஒன்பது மணிக்கு நிறையப் பேர் காத்துக்கிட்டிருப்பாங்க. இது இல்லைன்னா பாவம், ஏமாந்துடுவாங்க."

"யாரு காத்துக்கிட்டிருப்பாங்க?"

"அதை... சொல்லக் கூடாதுங்க."

சொல்லக் கூடாதாம்! அக்கா மளமளவென்று ரசீது போட்டார். எண் 214. தொழில் என்ற கட்டத்தில், அவரைக் கேட்காமலே, 'பொதுச் சேவை' என்று எழுதிக்கொண்டார்.

அந்த 214-தான் இப்போது கத்திரிப்பூ நிறத்தில் கிடக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குள் நீலமாக வேண்டும்.

முதலில் சாயம் போக்கும் மருந்தில் ஊறப் போட்டார். சாயம் போயிற்று, ஆனால் அங்கங்கே போயிற்று. உடுப்பு முழுவதும் மேகம் மேகமாக வெள்ளைத் திட்டுகள்.

"வானம் மாதிரிதான் இருக்கு. அப்படியே குடுத்துடுங்க" என்றார் தையல்காரர்.

"விளையாடாதீங்க. ஊரைக் காப்பாத்துற மனுஷன்!"

அடுத்து, புது நீலச் சாயம் வாங்கிவந்து கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி முக்கினார். நிறம் அருமையாகப் பிடித்தது. கூடவே உடுப்பும் சுருங்கிப் பத்து வயதுப் பிள்ளைக்குப் போடலாம் போல் ஆனது. போர்வையோ கைக்குட்டைக்கு அண்ணன் போல் இருந்தது.

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு ஆபத்து வரப்போகுது. அந்த மனுஷன் வெறும் பனியனோட போய் நிக்கப் போறாரு. எல்லாம் என்னாலதான்."

கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்ததும் தையல்காரர் கேலியை நிறுத்திக்கொண்டார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பக்கமும் பிரிச்சு ஒட்டு வச்சுத் தரேன். நீலத் துணி இருக்கா?"

இல்லை. யாரோ துவைக்கக் கொடுத்துவிட்டு ஒன்றரை வருடமாக வாங்கிப்போகாத ஜன்னல் திரை ஒன்றுதான் இருந்தது. மஞ்சள் நிறம், முழுவதும் பூப்பூவாக. அதுவே உடுப்பின் விலாவிலும் கை கால் நுனியிலும் ஒட்டானது. மிச்சம் முதுகுப் போர்வையானது. பெயர்ந்த நட்சத்திரத்தை ஒட்டவைக்க அக்கா அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். நட்சத்திரம் உருகி, நாலு காலும் ஒரு தலையுமாக, பார்க்கிறவர் யாரும் ஆமை என்று சொல்லும்படி படுத்துக்கொண்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். மேஜைமேல் கிடந்ததைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"இது... இப்படியா ஆயிடுச்சு?"

"முன்னாடி எப்படி இருந்ததுன்னு உங்களுக்கென்ன தெரியும்? வாங்க, போட்டுக் காட்டுங்க. அளவு பார்க்கணும்."

"நானா? எனக்கெதுக்கும்மா?"

"போடுங்கன்னா போடணும்."

கடையின் பின்பக்கம் போய் மாட்டிக்கொண்டு வந்தார். தைத்து வைத்தாற்போல் இருந்தது. தையல்காரர் தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டார். அக்காவோ தலையில் கை வைத்தார்.

"உங்களுக்கே இவ்வளவு கச்சிதமா இருந்தா அந்த மனுஷன் தோளுக்கு எப்படிப் பத்தும்? இன்னும் நாலு விரல் விடுங்க தையல்காரரே."

"வேணாம்மா! இப்படியே இருக்கட்டும்" என்று பதறினார் வீட்டுக்காரர்.

"உங்களைக் கேட்டேனா?"

"சரி, தோள்ல விட்டுக்கோ. கால் பக்கம் மட்டும் விடாதே. தொளதொளன்னு இருந்தா மாட்டிக்கும்."

"எதுல மாட்டிக்கும்?"

வீட்டுக்காரர் விழித்தார். "மேகத்துல."

இத்தனை வருட வாழ்க்கையில் தன் புருஷன் சொன்னதிலேயே அறிவான பேச்சு அதுதான் என்று அக்காவுக்குப் பட்டது. கால் பக்கத்தை விடவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரர் வாயில் ஒன்றும் போடாமலே வேலைக்கு ஓடிவிட்டார். சரியாக எட்டு மணிக்கு நெட்டையர் வந்து நின்றார். அக்கா பொட்டலத்தை மூன்று தாளில் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு வைத்திருந்தார்.

"இதுல ஒரு சின்ன..."

"நேரமில்லைங்க!" பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு பறந்தார் நெட்டையர்.

அக்கா ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தார். ஆறாவது நிமிடம், பூப்போட்ட திரையை முதுகில் கட்டிக்கொண்டு அந்த மனிதர் ஆபத்துக்கு முன்னால் நிற்கிற காட்சி கண்ணில் வந்தது. மன்னிப்பாவது கேட்காவிட்டால் தூக்கம் வராது. ரசீதின் அடிக்கட்டையில் நெட்டையர் கொடுத்த முகவரி இருந்தது. கடையைத் தையல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினார்.

முகவரி, குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பின்பக்கம்.

ஏழு மாடிக் கட்டடம். ஒவ்வொரு ஜன்னலிலும் மூக்கை அழுத்திக்கொண்டு குழந்தைகள். மொட்டையடித்த தலைகள், கட்டுப் போட்ட கைகள், மருந்துக் குழாயோடு ஒருத்தி. எல்லாக் கண்ணும் மேலே. கூரையிலிருந்து ஒரு கயிறு. அதில் தொங்கியபடி, நீல உடுப்பில், பூப்போட்ட போர்வை காற்றில் படபடக்க, முகமூடி போட்ட வீரன் இறங்கி வந்துகொண்டிருந்தான். இடுப்பில் வாளி, ஒரு கையில் கண்ணாடி துடைக்கிற ரப்பர் கட்டை. ஜன்னலுக்கு ஜன்னல் நின்று சோப்பு நுரையைப் பூசினான். நுரையில் விரலால் ஒரு சிரிப்பு முகம் வரைந்தான். துடைத்ததும் உள்ளேயிருந்த பிள்ளையோடு கண்ணாடி வழியே உள்ளங்கையைச் சேர்த்து வைத்தான்.

"ஆமை வீரன்! ஆமை வீரன்!" திறந்திருந்த ஒரு மேல் ஜன்னலிலிருந்து கூச்சல் வந்தது. வீரன் உடனே ஆமையைப் போலக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். கட்டடமே சிரித்தது.

அக்கா பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு உயரம்! இருந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஊரைக் காப்பாற்றுகிறவர்களை எவ்வளவோ படித்திருக்கிறார். ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருக்கிற பிள்ளையை ஊசியை மறக்கச் செய்கிறவனைப் பற்றி எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

பிறகுதான் கீழே பார்த்தார். கயிற்றின் மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார் நெட்டையர்.

"நீங்க இங்க இருக்கீங்க! அப்போ மேல யாரு?"

நெட்டையர் அக்காவைப் பார்த்தார். பேயைப் பார்த்தது மாதிரி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். "பேச்சுக் கொடுக்காதீங்க. கயிறு."

அதற்குள் தலையில் மஞ்சள் தொப்பியும் கையில் அட்டையுமாக ஒரு பெண் வந்தாள். பாதுகாப்பு அதிகாரி என்று சட்டையில் எழுதியிருந்தது.

"அம்மா, இங்க நிக்கக் கூடாது. யாரு நீங்க?"

"சலவைக்கடைங்க. அந்த டிரெஸ்ஸைக் கெடுத்தது நான்தான். அவர் இறங்கினதும் ஒரு மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன்."

"கெடுத்தீங்களா? போன மாசத்தைவிட இன்னிக்குத்தான் பிள்ளைங்க அதிகமா சிரிக்குதுங்க. சரி, நிக்கிறதுன்னா பேரும் போன் நம்பரும் பதியணும்."

அக்கா சொன்னார். சொல்லும்போதே மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எப்பேர்ப்பட்ட மனுஷன்! இவரைக் கட்டிக்கிட்டவ குடுத்து வச்சவ. எனக்கும் வாய்ச்சிருக்கே ஒண்ணு, வாளி எண்ணிக்கிட்டு!"

எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா நின்றது. அட்டையில் முதல் தாளைப் புரட்டினாள், நம்பரை ஒருமுறை ஒப்பிட்டாள், அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதே நம்பரைத்தாங்க மேல தொங்குறவரும் எழுதிக் குடுத்திருக்காரு: 'ஆபத்து என்றால் தெரிவிக்க வேண்டியவர், மனைவி. என் கால் தரையில் பட்ட பிறகு மட்டும் கூப்பிடவும்.'"