காட்டுவதற்கு மட்டும் காசு

வசதியில்லாத குடும்பம் என்று நிரூபிக்கிற பரீட்சையில் பெயிலான ஆள் நான். இத்தனைக்கும் நாங்கள் உண்மையாகவே வசதியில்லாத குடும்பம். சும்மா போய் உட்கார்ந்திருந்தாலே பாஸ் பண்ணியிருக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் அப்போது எனக்கு இரண்டாம் வருடம். நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், சான்ட்ரிங்ஹாம் என்ற பகுதியில் ஒரு பலசரக்குக் கடையில் வாரத்துக்கு முப்பது மணி நேரம் நின்றபடியே முதல் வருடத்தை ஓட்டியதில், இரசாயனவியலில் கோட்டை விட்டிருந்தேன். இன்னொரு பாடம் போனால் மருந்தாளர் கனவை மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான், கஷ்டப்படும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தருகிறது என்று தெரிந்தது. கிடைத்தால் கடை வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படிக்கலாம். விண்ணப்பத்தோடு என் பாங்க் ஸ்டேட்மெண்டையும் கேட்டிருந்தார்கள்.

என் கணக்கில் இருந்தது அறுபத்து மூன்று டொலர். அதை அப்பாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை. களைத்துப்போய் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"அறுபத்து மூண்டோ? பிள்ளை, உனக்கென்ன விசரே? ஸ்டேட்மெண்ட் கேட்டால் காசு காட்டவேணும். இந்த நாட்டுக்கு வர விசாவுக்கு நான் காட்டாத காசோ?"

"இது வேறை அப்பா. இது உதவி கேக்கிறது."

"எல்லாம் ஒண்டுதான். பாங்கிலை காசு காட்டாட்டி எங்களை ஆர் மதிப்பாங்கள்?"

(அந்த இடத்தில் நான் உறுதியாக நின்றிருக்க வேண்டும். ஆனால் அறுபத்து மூன்று டொலரை வெள்ளைக்காரருக்கு முன்னால் நீட்ட எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த வயதில் எனக்கு மூளையைவிட ரோஷம் அதிகம்.)

நகரத்தின் இன்னொரு பக்கம், பாபடோயிட்டோயில் இருந்த சித்தப்பாவுக்கு உடனே போன் போனது. அப்பாவின் தம்பி அவர். வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்த இருபத்தையாயிரம் டொலரை, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் என் கணக்கில் போட்டுவிட்டார். நானும் அந்த ஸ்டேட்மெண்டை இணைத்து, பெருமையாக அனுப்பிவைத்தேன்.

காசு கணக்கில் விழுந்த பதினோராம் நாள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். புறப்படும்போது அம்மா ஓடிவந்து, "வெறுங்கழுத்தோடை போறியே?" என்று தன் மூன்று பவுண் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். உதவி கேட்டுப் போகிற பிள்ளை கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிப் போய் இறங்கினேன்.

அறையில் இரண்டு பேர். கண்ணாடி போட்ட அம்மையார் ஒருவர் ஸ்டேட்மெண்டைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். மறுபடியும் ஸ்டேட்மெண்டைப் பார்த்தார்.

"இவ்வளவு சேமிப்பு இருக்கிறதே, பிறகு எதற்கு உதவி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அது என் காசு இல்லை. சித்தப்பாவின் காசு."

"உங்கள் கணக்கில் ஏன் இருக்கிறது?"

"காட்டுவதற்கு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

பக்கத்தில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கள்ளக்காசுக் கூட்டத்தின் தலைவியே நேரில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருவரும் என்னைப் பார்த்தார்கள். பதறிப்போய், "சங்கிலியும் அம்மாவுடையது" என்று நானாகவே சொல்லித் தொலைத்தேன்.

அதோடு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே அப்பா, விசா, அறுபத்து மூன்று டொலர் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மையார் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். "இங்கே காசு இல்லை என்றுதான் காட்ட வேண்டும்," என்றார். சேமிப்பு அதிகமாக இருந்தால் உதவி கிடையாதாம். இந்த ஸ்டேட்மெண்டுக்கு ஒரு சதமும் தர முடியாது, அடுத்த படிப்புத் தவணையில் உள்ளதை உள்ளபடி கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாமேல் பாய்ந்தேன். "எல்லாம் உங்களாலைதான் போச்சு!"

அப்பா சண்டைக்கு வரவில்லை. "ஓம், என்ரை பிழைதான்," என்றார். "இல்லாத வீட்டுப் பிள்ளை எண்டு அவங்கள் உன்னைக் குறைச்சுப் பாக்கக்கூடாது எண்டு நினைச்சுப்போட்டன்."

அதற்குமேல் அவரைத் திட்ட மனம் வரவில்லை.

அடுத்த தவணை வரும்போது கணக்கில் பதினேழு டொலர்தான் மிச்சம். அதே அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, "அருமையான ஸ்டேட்மெண்ட்!" என்றார். உதவி கிடைத்தது. இரசாயனவியலும் ஒருவழியாகப் பாஸ். நேர்முகம் முடிந்த கையோடு திரும்ப எடுத்த காசில் சித்தப்பாவும் வீடு வாங்கிவிட்டார்.

இப்போது நான் மருந்தாளர். போன மாதம் என் மகள் பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, "அம்மா, ஆர் வீ ரிச்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"உன்ரை அம்மா பெரிய பணக்காரியா இருந்தவ. பதினொரு நாள். பாவம், அதுக்குள்ளை ஆரோ கண்டுபிடிச்சிட்டாங்கள்."