ஹால் டிக்கெட்டில் எக்கோ அண்ணன்

கம்ப்யூட்டரோடு மதுரைத் தமிழில் பேச்சுவார்த்தை நடத்தியவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் எக்கோ அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறுகளில் மதுரை வண்டியூர்ப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவரும் நானும் வேலை பார்த்தோம். இருந்தது ஒரு கிழட்டு பிசி. அதில் யூனிக்ஸ் மாதிரி ஒரு இயங்குதளத்தை ஏற்றி, கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டுவோம். பாதியில் படுத்துக்கொள்ளும். எங்கே படுத்தது என்று கண்டுபிடிக்க, நடுநடுவே ‘எக்கோ’ என்ற கட்டளையைப் போட்டுத் திரையில் ஏதாவது எழுதிக்காட்டச் சொல்வது வழக்கம். ஊர் உலகமெல்லாம் ஒன்று, இரண்டு என்று போடும். அண்ணன் ஆங்கில எழுத்தில் தமிழ் வசனம் போடுவார். ‘இம்புட்டுத் தூரம் வந்துட்டோம்.’ ‘அடுத்த வரி மோசமானது, சூதானமா போ.’

“எதுக்குண்ணே இம்புட்டு வசனம்?” என்றால், “மிஷினா இருந்தாலும் ஒரு ஆறுதல் வேணாமா மாப்ள?” என்பார். வெளங்கிரும்!

ஒருமுறை ஒரு கல்லூரிக்கு ஹால் டிக்கெட் அடிக்கும் வேலை வந்தது. மறுநாள் காலையில் பரீட்சை. டிக்கெட் இல்லாமல் ஒரு பிள்ளையும் உள்ளே போக முடியாது. மதியம் வரை பிசி மசியவில்லை. பிரின்சிபால் எங்கள் வாசலிலேயே வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். அண்ணன் வரிக்கு வரி எக்கோ போட்டு, ஒருவழியாகக் கோளாறைப் பிடித்தார். பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியது. அடிக்க அடிக்கப் பிரின்சிபால் வாரிக்கொண்டு ஓடினார்.

திரைக்குப் போகவேண்டிய வசனம் ஒன்று பிரிண்டருக்குப் போனதை யாரும் பார்க்கவில்லை. மாணவ மாணவியர் அத்தனை பேர் டிக்கெட்டிலும், பெயருக்குக் கீழே: ‘பயப்படாத மாப்ள, நான் இருக்கேன்.’

சாயங்காலம் பிரின்சிபால் திரும்பி வந்தார். டிக்கெட்டெல்லாம் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டிருந்தன.

“யாருய்யா அந்த மாப்ள? பொம்பளப் பிள்ளைகளும்ல படிக்குதுக!”

எங்கள் முதலாளி அண்ணனைப் பார்த்து, “ரிசல்ட்டு வரட்டும். ஏதாச்சும் ஏடாகூடமாச்சு, நீ வீட்டப் பாக்கப் போயிரு” என்றார். அண்ணனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எங்களுக்கும்தான்.

ரிசல்ட் வந்தது. அந்தக் கல்லூரி அதுவரை காணாத தேர்ச்சி! அடுத்த பரீட்சைக்குப் பிரின்சிபால் வந்து, குரலைத் தாழ்த்தி, “தம்பி, அந்த வரி இல்லாம டிக்கெட்ட வாங்க மாட்டோம்ங்குதுக. அத மட்டும் எடுத்துராதீங்க” என்றார்.

“அதெல்லாம் நம்ம சென்டர் ஸ்பெஷல் சார்!” என்று முதலாளி முந்திக்கொண்டார். அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“எடுக்குறதா? அது எங்க இருக்குன்னே தெரியல சார். அன்னைலருந்து தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பிறகு நானும் பெரிய பெரிய கம்பெனிகளில், பெரிய பெரிய கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டேன். மக்கர் செய்தால் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கின்றன. அப்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் அண்ணன் இல்லையே என்று இருக்கிறது.