பல் டாக்டர் பூசணிக்கொடி காத்த பெரும்போர்

வாழ்க வெண்ணுடை வேந்தன்! வாழ்க கடைவாய்ப்பல் களைந்த காவலன், சொத்தையைச் சொல்லாமலே கண்டறியும் சூரன், முப்பத்திரண்டு பல்லுக்கும் ஒரே முடிமன்னன்! மலையனைய மனிதரும் அவன் முன்னே மல்லாந்து வாய் பிளப்பர். ஊரையே அதட்டும் உத்தமரும் அவன் கைக்குறடு கண்ட கணத்தில் உள்ளங்கை வியர்த்து, மறந்துபோன கடவுளரை எல்லாம் வரிசையாக அழைப்பர். அத்தகைய ஆண்டகை, ஐம்பத்தெட்டாம் அகவையில், தன் இல்லத்தின் பின்புறம், ஆறடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட பரந்த பூமியிலே, ஒரேயொரு பூசணிக்கொடியின் பொருட்டுத் தொடுத்த பெரும்போரைக் கேளீர். புழுவைப் படைத்து, அது தின்னப் பூசணியையும் படைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு பல் டாக்டரையும் நிறுத்திப் பொறுமையோடு பார்த்திருக்கும் இறைவன் இக்கதைக்குத் துணை நிற்பானாக.

எந்தப் போருக்கும் ஒரு காரணம் உண்டு. இப்போருக்குக் காரணம் இன்னும் பிறக்காத ஒரு குழந்தை.

மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியது. துணைக்குப் புறப்பட்ட மனைவி, ரயிலுக்கு நேரமான வேளையிலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தான் விதை ஊன்றி முளைக்க வைத்த கொடியைக் காட்டி ஆணையிட்டாள்.

"என்னங்க, தொட்டியில இருந்த மீனை தீனி போட்டே கொன்னீங்க. ரோஜாவை தண்ணி ஊத்தாமலே கொன்னீங்க. இதையாவது விட்டு வைங்க. குழந்தையைத் தூக்கிட்டு நாலு மாசம் இங்க வந்து இருக்கலாமான்னு உங்க பொண்ணு யோசிக்கறா. அப்பாவை நம்பி எப்படிம்மா வர்றதுன்னு அவளுக்கு பயம். அப்பா இந்தக் கொடியைக் காப்பாத்தி ஒரு காயைக் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். வேந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ஐந்தாம் வகுப்புப் படித்த நாளில், யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல்லில் மூழ்கிப்போய், பள்ளி வாசலில் அவளை மழையில் இருட்டும்வரை நிற்க வைத்தவன் அவன். அவள் அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாத சொல் சொத்தைப் பல்லைப்போல. வெளியே தெரியாது, உள்ளே வலிக்கும்.

எனவே எழுந்தான் ஏந்தல். முதலில் வந்தது செம்பட்டுக் கவசம் பூண்ட வண்டுப்படை. கதிரவன் எழுமுன்னே, பனியில் இறகு நனைந்து அவை சோம்பிக் கிடக்கும் வேளை பார்த்து, ஒவ்வொன்றாகப் பிடித்துச் சோப்புத் தண்ணீர்ச் சமுத்திரத்தில் ஆழ்த்தினான். அடுத்து வந்தது அசுவினி, எண்ணிலடங்காத சேனை. இலைக்கு அடியில் ஒளிந்து சாறு குடிக்கும் கோழைக் கூட்டம். ஒளிந்தால் விடுவானா? வாய்க்குள் நுழைத்துப் பின்பல் பார்க்கும் சின்னஞ்சிறு வட்டக் கண்ணாடியை இலைக்கு அடியில் நீட்டி, நரம்பு நரம்பாகத் தேடி, வேப்பெண்ணெய் மழை பொழிந்து வேரறுத்தான். நோயாளிகள் அஞ்சவேண்டா, அக்கண்ணாடி கொடிக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டது.

பிறகு ஒருநாள் நண்பகலில், காலையில் குடைபோல் விரிந்திருந்த இலைகள் எல்லாம் தோற்ற நாட்டின் கொடிகளைப்போலத் தொங்கின. தண்ணீர் ஊற்றினான், நிமிரவில்லை. குப்புறப் படுத்து அடித்தண்டை நோக்கினான். அங்கே ஒரு சிறு துளை. துளையின் வாயில் ஈர மரத்தூள்போல் ஏதோ கசிந்திருந்தது. தண்டைத் துளைத்து உள்ளே குடிபுகுந்து, குடியிருந்த வீட்டையே தின்னும் புழு! வேறொருவன் அழுதிருப்பான். நம் வேந்தனின் முகமோ மலர்ந்தது.

"சொத்தை!" என்று முழங்கினான். "இது நம்ம கேஸு!"

ஓடிச்சென்று கத்தியும் குறடும் கொணர்ந்தான். தண்டை நெடுக்குவாட்டில் நூல் பிடித்தாற்போல் கீறினான். கரிய தலையும் கொழுத்த வெள்ளுடலும் கொண்ட பகைவனை, வேரோடு பல் பிடுங்கும் அதே மணிக்கட்டுத் திருப்பத்தில் வெளியே எடுத்துத் தட்டில் இட்டான். புண்ணை ஈரமண்ணால் அடைத்தான். பழக்க தோஷத்தில், "இருபத்துநாலு மணி நேரத்துக்கு கெட்டியா எதையும் கடிக்காதே" என்று கொடிக்கு அறிவுரையும் வழங்கினான். மூன்றாம் நாள் இலை நிமிர்ந்தது. கேலி ஒருபுறம் இருக்கட்டும். அந்த வெற்றி மெய்யான வெற்றி. அத்தோடு அவன் கைகழுவி உள்ளே போயிருந்தால் இக்கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

ஆனால் வென்றவனுக்கு வருவது தூக்கம் அல்ல, படிப்பு. தோட்டக்கலைக் கையேடு ஒன்றை வாங்கி வந்து கண்ணாடி அணிந்து கற்றான். அதிலே கண்டான் அந்த வரியை: தண்டு துளைக்கும் புழுவின் தாய், பார்ப்பதற்குக் குளவிபோலவே இருப்பாள், பட்டப்பகலில் ரீங்கரித்தபடி வந்து முட்டையிடுவாள். வேந்தனின் மீசை துடித்தது. குளவி வேடத்தில் வருகிறவள் தேனீ வேடத்தில் வரமாட்டாளா? தும்பி வேடத்தில் வரமாட்டாளா? அந்த நொடியே ஆணை பிறந்தது: சிறகுள்ளது எதுவும், ரீங்காரம் உடையது எதுவும், இனி இவ்வெல்லைக்குள் நுழையக் கூடாது.

அன்று, வீட்டோடு இருந்த சிகிச்சை அறையின் நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தவர் ஒரு லாரி டிரைவர். ஊசி போட்டு அவர் கன்னத்தில் பாதி மரத்திருந்தது. குறடு பல்லைத் தொட்ட வேளையில், சன்னல் வழியே பூசணிப் பூவை நோக்கி ஒரு தேனீ செல்வதை வேந்தன் கண்டான். குறடும் கையுமாகப் பாய்ந்தான். கால் மணி நேரம் பின்புறத்தில் ஆரவாரம் கேட்டது. வேந்தன் திரும்பியபோது லாரி டிரைவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆக்டர், ஆன் வேணா ஆளைக்கி வரட்டா?"

"படுங்க. எதிரி ஓடிட்டான்."

"எந்த எதிரி? எனக்கு ஒரு பல்லுதானே ஆக்டர்!"

ஒவ்வொரு தேனீயையும் துரத்தி ஓடிக் களைத்த வேந்தன், கோட்டை கட்டத் துணிந்தான். பழைய கொசுவலை நான்கைச் சுமந்துகொண்டு அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவிடம் சென்றான். கொடியின் நீளம், அகலம், படரப்போகும் திசை எல்லாம் சொல்லி, ஓர் எறும்பும் நுழையாத கூடாரம் தைத்துத் தரும்படி பணித்தான். அவள் தோளில் கிடந்த அளவு நாடாவை எடுத்தபடி மெல்லக் கேட்டாள்:

"டாக்டர் சார், அப்போ தேனீ எப்படி உள்ள போகும்?"

"போகக் கூடாதுன்னுதானேம்மா தைக்கச் சொல்றேன்!"

அவள் அளந்து தைத்தாள். தண்ணீர் ஊற்றக் கை நுழையட்டுமே என்று ஓரத்தில் நாடா வைத்து ஒரு சிறு திறப்பும் விட்டாள். கூலியாக வேந்தன் அவளுக்கு அளித்தது ஒரு போர்ப் பிரகடனம்: இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள குட்டைச் சுவரின்மேல் அவள் வரிசையாக வைத்திருக்கும் சாமந்தித் தொட்டிகள் பகைவர் தங்கும் பாசறைகள், மாலைக்குள் அகற்றப்பட வேண்டும். எட்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றாகத் தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டின் மறுபக்கம் கொண்டுபோய் வைத்தாள். அகப்பட்டவனுக்கு அட்டமத்தில் சனி என்பார்கள். நல்லவளாகப் பிறந்துவிட்டால் பக்கத்து வீட்டிலேயே சனி.

கூடாரத்துக்குள் பூக்கள் பொன்னாகப் பூத்தன. காம்பு நீண்டவை ஆண்பூக்கள். அடியில் கோலிக்குண்டுபோல் பிஞ்சைத் தாங்கியவை பெண்பூக்கள். வேந்தன் நெஞ்சு நிமிர்ந்தான். நான்காம் நாள் முதற்பிஞ்சு மஞ்சளித்து, சுருங்கி, உதிர்ந்தது. அதை அறுத்துச் சோதித்தான். உள்ளே புழு இல்லை. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழுந்தது. புழு இல்லை, வண்டு இல்லை, பூச்சியின் நிழலும் இல்லை. பிஞ்சுகள் மட்டும், எதிரியே இல்லாத போரில் மடியும் வீரர்களைப்போல, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. வேந்தன் வலையை இரட்டையாக்க எண்ணினான்.

இதற்கிடையில் குழந்தை பிறந்தது. பெண். மனைவி தொலைபேசியில் எடை, நிறம், மூக்கு எல்லாம் வர்ணித்தாள். இருந்தும் கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"காய் எத்தனை இருக்கு?"

"வந்துகிட்டே இருக்கு, வந்துகிட்டே இருக்கு!" என்று தெருமுனைக்குக் கேட்கும் குரலில் வேந்தன் முழங்கினான். முழங்கிவிட்டு வெளியே வந்து பார்த்தால் ஏழாவது பிஞ்சு கீழே கிடந்தது. பின்வாசல் படிக்கட்டில் உட்கார்ந்தான். அந்தச் சின்ன மஞ்சள் உருண்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். மூக்கைச் சிந்தும் ஓசை சுவரைத் தாண்டிச் சென்றது.

எட்டாவது பிஞ்சு விழவில்லை.

விழாதது மட்டுமா? பருத்தது! எலுமிச்சையாகி, தேங்காயாகி, குழந்தையின் தலையாகிப் பருத்தது. வேந்தன் ஆர்த்தெழுந்தான். மனைவியை அழைத்துச் சாற்றிய பிரகடனம் இது: "எல்லாம் நான் ஒருத்தனாப் பண்ணினது! ஒரு ஈ, ஒரு கொசு உள்ள விடல. குழந்தையைத் தைரியமாக் கூட்டிட்டு வாங்க!"

மறுநாள் விடியற்காலையில் காயைப் பார்க்கும் ஆசையில் சீக்கிரமே எழுந்தவன், கூடாரத்தின் ஓரத்தில் ஓர் உருவம் குனிந்திருப்பதைக் கண்டான். நாடா அவிழ்ந்திருந்தது. திறப்பின் வழியே ஒரு கை உள்ளே நுழைந்திருந்தது.

"யாரது! கொடியில கை வைக்கிறது யாரு!"

"சத்தம் போடாதீங்க சார், பூ பயந்துக்கப்போகுது" என்றாள் தையல்காரம்மா, திரும்பாமலே. இதழ் உரித்த ஆண்பூ ஒன்று அவள் விரல்களில் இருந்தது. ஊசியில் நூல் கோக்கும் கவனத்தோடு, அதன் மகரந்தத்தை அன்று மலர்ந்த பெண்பூவின் நடுவில் தடவிக்கொண்டிருந்தாள். "தேனீ செய்யற வேலைதான். நீங்கதான் அதுங்களை விடலையே. இதைத் தடவாட்டி பிஞ்சு நிக்காது சார்."

வேந்தனின் வாய், அவன் நோயாளிகளின் வாயைப்போலத் திறந்து நின்றது.

"எத்தனை நாளா?"

"ஏழாவது விழுந்துச்சே, அன்னைக்கு மறுநாள்லேருந்து. சுவர் குட்டை சார், எல்லாம் கேக்குது. குழந்தை வர்ற வீடு, ஒரு காய்க்காக நின்னு போயிடக் கூடாதேன்னு..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"வலை தைக்கும்போதே சொன்னேனே. தொட்டியை எடுன்னு சொன்னீங்க. இன்னொரு தடவை சொன்னா வீட்டையே எடுன்னுடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

காவலன், சூரன், முடிமன்னன் எல்லாம் அந்த இடத்திலேயே, ஏழு பிஞ்சுகளும் விழுந்த அதே மண்ணில் உதிர்ந்தன. மிஞ்சியது பனியனோடு நின்ற ஒரு பெரியவர். சிறகு உள்ளதெல்லாம் பகை என்று அவர் போட்ட ஆணை, முதலில் கொன்றது தன் பிஞ்சுகளைத்தான். தீமை நுழையாமல் கதவை அடைப்பவன், நன்மை எந்த வழியாக வரும் என்றும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அப்படி யோசிக்க மறந்தவனுக்காகவும் இறைவன் எங்காவது ஒரு நாடா வைத்த திறப்பை விட்டுவைக்கிறான். பெரும்பாலும் அதைத் தைப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

அன்று டாக்டர் கூடாரத்தைப் பிரித்தார். எட்டுச் சாமந்தித் தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தானே சுமந்து சுவரின்மேல் வைத்தார்; இடுப்பு பிடித்துக்கொண்டது, தகும் என்று எண்ணிக்கொண்டார். தேனீக்கள் பழைய பகையை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் மறுநாளே வந்தன.

இரண்டு மாதம் கழித்து மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். மகளின் மார்பில் துணிச்சுருளாகக் குழந்தை. மனைவி நேரே பின்புறம் நடந்தாள். சருகாகிய காம்போடு, பொன்னிறத்தில், இரு கைக்கும் அடங்காமல் கிடந்தது காய்.

"அட! நிஜமாவே நீங்க ஒருத்தரா வளர்த்தீங்களா?"

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கேட்பவள் நம்பத் தயாராக நிற்கிறாள்; சுவருக்கு அப்பால் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கிறது, தையல்காரம்மா ஒருநாளும் வந்து மறுக்கப்போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவருக்கு அன்று அது மிகவும் எளிதாகத்தான் இருந்தது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றார் மகளிடம். "ஏழு பிஞ்சை நான்தான் கொன்னேன். இதைக் காப்பாத்தினது பக்கத்து வீட்டம்மா. போன்ல சொன்னது பொய்."

மனைவி வாயைத் திறந்தாள். அதற்குள் மகள் இரண்டடி முன்னே வந்து, துணிச்சுருளை அவர் கைகளில் வைத்தாள்.

"தலைக்கு அடியில கை வைங்கப்பா. அப்படித்தான். இறுக்கிப் பிடிக்காதீங்க."

கடைவாய்ப்பற்களை வேரோடு பெயர்த்த அந்தக் கைகள் குறடு பிடிக்கும் பிடியை மறந்து மெல்லத் தளர்ந்தன. குழந்தை கொட்டாவி விட்டது. பல்லே இல்லாத அந்த வாயை அவர் குனிந்து பார்த்தார். குறை சொல்ல அங்கே எதுவும் இல்லை.

மாலையில் காயை இரண்டாக அறுத்து, பெரிய பாதியைத் தட்டில் ஏந்தி, ஏழு பிஞ்சை இழந்தும் எட்டாவதால் உயர்த்தப்பட்ட அந்த மாபெரும் மாவீரர், சாமந்திகள் அணிவகுத்து வணங்க, தேனீக்கள் பல்லியம் முழங்க, குட்டைச் சுவரைத் தாண்டி அதைத் தையல்காரம்மாவின் கையில் சமர்ப்பித்தார். அன்றிரவு இரு வீட்டு அடுப்பிலும் அது வெந்தது.

காய் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது.