திரையை அகலமாக்கிய சாமியார்

கணினித் திரையை அகலமாக்கித் தருகிறாராம் ஒரு சாமியார். செய்தி கிளம்பியது திங்கட்கிழமை காலை. மதியத்துக்குள் எங்கள் ஐந்தாவது மாடியில் கால் வைக்க இடமில்லை. கீழ்மாடிக் காப்பீட்டுக்காரர்கள்கூட வேலையைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் படித்தவர்கள் என்பதை மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

நாங்கள் நிரல் எழுதிப் பிழைப்பவர்கள். எழுதும் மென்பொருளில் இடப்பக்கம் கோப்புகளின் பட்டியல், வலப்பக்கம் எதற்கென்றே தெரியாத ஒரு கட்டம், கீழே பிழைப் பட்டியல். மூன்றும் சேர்ந்து நெருக்க, நிரல் எழுதும் இடம் நடுவில் தபால்தலை அளவுக்கு ஒடுங்கிக் கிடக்கும். இருபது வருட அனுபவமுள்ள எங்கள் மூத்தவரே கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் எழுதுவார். எல்லாவற்றுக்கும் மவுஸையே பிடித்துத் தொங்குவதால் அவருக்கு எலிக்காரர் என்று பெயர். திரையின் உச்சியில் ‘காட்சி’ என்று ஒரு மெனு இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை. நானும்தான்.

சாமியார் திரையானந்தர் சுருக்கமில்லாத சட்டையில் வந்து இறங்கினார். நெருக்கடிக்குக் காரணம் திரையைப் பிடித்த பீடையாம். திரையின் உச்சியில் ஒரு செப்புத் தகட்டை ஒட்டுவார். தகட்டுக்கு விலை தனி. விசைப்பலகையைக் கருப்புத் துணியால் மூடுவார். துணிக்குள் கையை விட்டு ‘நாடி பிடித்து’ மந்திரம் முணுமுணுப்பார். சட்டென்று இடப்பக்கம் மறையும், வலப்பக்கம் மறையும், பிழைப் பட்டியலும் மறையும். நிரல் திரை முழுக்கப் பரந்து நிற்கும். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம்.

முதல் பூசை மேலாளர் திரைக்கு.

“பிழையெல்லாம் எங்க சாமி போச்சு?” என்றார் மேலாளர், பயபக்தியோடு.

“இடம் சுத்தமானா பிழை எங்க மகனே தங்கும்? ஆனா ஒண்ணு, வெள்ளிக்கிழமை வரைக்கும் நிரலை யாரும் ஓட்டிப் பாக்கக் கூடாது. சூடு ஆறணும்.”

வெள்ளிக்கிழமை காலை சாமியாருக்கு விமானம். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

மேலாளர் யோசித்தது வேறு. பிழையே இல்லாத அலுவலகத்தில் பிழை தேடுகிறவளுக்கு என்ன வேலை? நாங்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் சோதனைக்காரியைக் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமையோட நின்னுக்கம்மா” என்றார். அவள் அப்பாவின் மருந்தும் தங்கையின் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடின. அது எனக்குத் தெரியும். ஆனாலும் தகடு வாங்கும் வரிசையைவிட்டு நகரவில்லை. வெட்கக்கேடு.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே, அந்தத் துணி எதுக்கு?”

“கண்ணு படாம இருக்க.”

“யாரு கண்ணு?”

நான் வரிசையில் ஓர் அடி முன்னே நகர்ந்தேன்.

வியாழக்கிழமை எலிக்காரர் முறை. மாடியே கூடியிருந்தது. சாமியார் வருவதற்குள் சோதனைக்காரி எலிக்காரரின் மேசையைத் துடைத்து, விசைப்பலகை மேல் துணியையும் போர்த்திவைத்தாள். “இன்னிக்கு நானே தயார் பண்ணிட்டேன் சாமி” என்றாள், பரம பணிவோடு. அவருக்கு ஏக மகிழ்ச்சி.

தகடு ஒட்டினார். கையை உள்ளே விட்டார். முணுமுணுத்தார். திரை அப்படியே இருந்தது. மந்திரத்தைக் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அப்போதும் அசையவில்லை. துணிக்குள் எலி புகுந்ததுபோல் விரல்கள் துள்ளின. நெற்றி வேர்த்தது.

“நம்பிக்கை இல்லாத யாரோ இங்க நிக்கிறாங்க. அதான் சக்தி இறங்கல.”

“நான்தான் சாமி” என்று அவள் கையை நீட்டினாள். கணினியிலிருந்து உருவிய விசைப்பலகை வயர் அதில் இருந்தது. “தகடு ஒட்டியாச்சு, மந்திரமும் சொல்லியாச்சு. அதுக்கப்புறம் இந்த வயர் எதுக்குன்னு சொல்லுங்க.”

துணியை விலக்கினாள். சாமியாரின் விரல்கள் இரண்டு விசைகளை அழுத்தியபடியே இருந்தன.

வயரைச் செருகினாள். தகட்டை உரித்தாள். மந்திரம் சொல்லாமல், ‘காட்சி’ மெனுவிலேயே எழுதியிருக்கும் அதே இரண்டு விசைகளை அழுத்தினாள், திரை அகன்றது. மறுபடி அழுத்தினாள், ஒடுங்கியது. நேரே மேலாளர் மேசைக்குப் போய் அங்கேயும் அழுத்தினாள். கீழேயிருந்து பிழைப் பட்டியல் எழுந்து வந்தது.

“திங்கக்கிழமை நூத்தித் தொண்ணூறு பிழை இருந்துச்சு சார். இப்ப இருநூத்திப் பதினாலு. மறைச்சு வெச்சதுல நல்லா வளந்திருக்கு.”

லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் சாமியார் படியிறங்கி ஓடினார்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். “நீ எங்கயும் போக வேண்டாம்மா. இங்கயே இரு.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அந்த ரெண்டு விசையை எந்த நேரத்துல அழுத்தினா நல்லது?”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“யோசிச்ச பிறகு எப்ப வேணாலும் அழுத்தலாம் சார்.”

எங்கள் மாடியில் பாதிப் பேர் இன்னும் தகட்டை உரிக்கவில்லை. கேட்டால், “எதுக்கும் இருக்கட்டுமே” என்கிறார்கள். மறைந்த பட்டியலைத் திரும்பக் கொண்டுவர இரண்டு விசை போதும். அடகு வைத்த அறிவை மட்டும் அவரவரேதான் போய் மீட்டுக்கொள்ள வேண்டும்.