திருட்டுமுழிக்கு ஒரு நற்சான்று

பட்டப்பெயர்களால் மனம் புண்பட்ட குடிமக்களின் மானத்தை நிழற்படக் கண்காட்சி வாயிலாக மீட்டுத் தருவதென்று அரசு தீர்மானித்தது. தீர்மானித்த கையோடு ஒரு துறை, துறைக்கு ஓர் இயக்குநர், இயக்குநருக்கு ஒரு கார். கடைசியாக ஒரு கேமராவும் வந்து சேர்ந்தது.

பூட்டு ரிப்பேர்காரருக்கு ஊர் வைத்த பெயர் திருட்டுமுழி. பிறவியிலேயே கண் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஓடும். அதற்கு அவர் என்ன செய்வார்? அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கப் பூட்டு மாற்றும் வேலை கைக்கு வந்து நழுவிக்கொண்டிருந்தது.

"வேலை சுத்தம்தான். அந்த முழியைப் பார்த்துத்தான் ஜனங்க பயப்படுறாங்க. துறையில ஒரு நற்சான்று வாங்கிட்டு வந்துடுங்க, வேலை உங்களுக்கு" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

ரிப்பேர்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனார்.

"உங்களைத் திருட்டுமுழின்னு யார் சொல்றா?" என்றார் இயக்குநர்.

"ஊரே சொல்லுதுங்க."

"ஊர் சொன்னா செல்லாது. பொறுப்புள்ள அதிகாரி முன்னால சொல்லணும்."

"அப்ப நீங்களே ஒரு தடவை சொல்லித் தொலைச்சிடுங்களேன், அலைச்சலாவது மிச்சம்" என்றாள் மனைவி.

இயக்குநர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "திருட்டுமுழி" என்றார். முத்திரை விழுந்தது.

படமெடுக்கும் அறையில் சுவர் நெடுக உயரம் அளக்கும் கோடுகள். படக்காரர் ஒரு பலகையைக் கொடுத்து நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொன்னார். அதில் கொட்டை எழுத்தில்: திருட்டுமுழி.

"இது எதுக்குங்க?"

"எந்தப் பேரை எதிர்க்கிறோம்னு பார்க்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா? நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. சிரிக்காதீங்க, கண்ணியம் போயிடும்."

"ஏன்யா, இவர் படத்தை மாட்டப்போறது கண்காட்சியிலயா, போலீஸ் ஸ்டேஷன்லயா?" மனைவி எகிறினாள்.

"பலகை மட்டும்தாம்மா ஸ்டேஷன்ல இரவல் வாங்கினது."

கண்காட்சி என்ற பெயரில் பேருந்து நிறுத்தமெல்லாம் அந்தப் படம். அடியில் எறும்பு எழுத்தில், "இப்படி அழைக்கலாமா?" அதற்கும் கீழே துறையின் தொலைபேசி எண். மணி ஓயவில்லை.

"சார், ஆளைப் பார்த்துட்டேன்! முக்குல சாவி போட்டுக்கிட்டுத் தைரியமா உட்கார்ந்திருக்கான்!"

அழைப்பு ஒவ்வொன்றையும் "மக்களின் பேராதரவு" என்று துறை பதிந்துகொண்டது.

கண்காட்சியின் நிறைவு விழாவில், "முகத்தை வைத்து மனிதனை எடை போடாதீர்!" என்று முழங்கிய இயக்குநர், ரிப்பேர்காரரைக் கட்டித் தழுவி நற்சான்றைக் கொடுத்தார். தழுவி முடித்ததும் பர்ஸை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முன்வரிசையில் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "மனசே உருகிப்போச்சு. வேலை உங்களுக்குத்தான். நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க. நீங்க முடிச்ச மறுநாள் இன்னொருத்தர் வருவார்."

"அவர் எதுக்குங்க?"

"நீங்க போட்ட பூட்டையெல்லாம் மாத்த."

மனைவி இடுப்பில் கையை ஊன்றினாள். "அந்த உத்தமர் யாரு? உங்களுக்குப் பழக்கமா?"

"சேச்சே, நேர்ல பார்த்ததே இல்லை. போட்டோ அனுப்பியிருந்தார். என்ன லட்சணமான முகம், பாருங்க!" செயலாளர் செல்போனை நீட்டினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். பொங்கி வந்த கோபம் பொசுக்கென்று அடங்கியது.

"ஆமாங்க," என்றாள். "பார்த்தாலே தெரியுது, நல்லவர்தான்."