அறுபது லட்டும் அறுபது கைபேசியும்

ஒரு பொருளை வாங்குவதைக் காட்டிலும் அதைப் பற்றி விசாரிப்பதில்தான் எனக்கு இன்பம் மிகுதி. இது ஒரு குறை என்று ஒப்புக்கொள்ள எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. குடை வாங்கப் போனால், கம்பி எத்தனை, துணி எந்த வகை, காற்றில் மடங்குமா என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, நனைந்தபடி வீடு திரும்புகிறவன் நான். (இந்தக் குணத்துக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. அதை அச்சில் போட முடியாது.)

ஆறாண்டுகளுக்கு முன் என் கைபேசியின் மின்கலம் தளரத் தொடங்கிற்று. காலையில் நூறு விழுக்காட்டோடு தீவின் வடகோடியில் உள்ள உட்லண்ட்ஸ் வீட்டைவிட்டுப் புறப்பட்டால், ரயில் நகரத்தை எட்டுவதற்குள் அறுபதாகும். மதிய உணவுக்குள் பதினைந்தாகும். அந்தப் பதினைந்தைத் திரையில் காட்டிய அடுத்த கணமே, விடைபெறாமல் எழுந்து போகும் விருந்தாளியைப் போல, அது அணைந்துவிடும். புதியது வாங்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதை வாங்குவது என்பதைத்தான் நான்கு மாதமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்.

"ரெண்டு நாள் நிக்கும் சார்."

"யாருடைய கையில்?"

"யார் கையிலயும் நிக்கும் சார்."

மாணவர் கட்டுரைகளில் சான்று எங்கே என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிப் பழகிய தமிழாசிரியன் நான். விற்பவரின் வாக்கைச் சான்றாக ஏற்க மனம் ஒப்பவில்லை. ஆகவே ஒரு குறிப்பேட்டில் கோடு கிழித்து, கைபேசியின் பெயர், வயது, கடைசியாக மின்னேற்றிய நேரம், இப்போது மீதமுள்ள விழுக்காடு என நான்கு பத்திகள் வகுத்தேன். ஆசிரியர் அறையில் கேட்டேன், பேருந்தில் கேட்டேன், மின்தூக்கியில் கேட்டேன். (பத்தாம் மாடிக்காரர் ஒருவர் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் படிக்கட்டில் ஏறத் தொடங்கினார்.)

இந்நிலையில் என் மகள் யாழினிக்கும் பிரகாஷுக்கும் திருமணம் செய்வதென்று பேச்சு எழுந்தது. பிள்ளைகள் தாமே தேர்ந்துகொண்டார்கள். பெற்றோர் சந்தித்து உண்பதொன்றே மீதி. அந்த விருந்துக்கு நான் போய்ச் சேரவில்லை. போகாமல் இல்லை, புறப்பட்டேன். உணவகத்தின் முகவரி கைபேசிக்குள் இருந்தது. கைபேசி ரயிலிலேயே அணைந்தது. ஒன்றரை மணி நேரம் தெருத் தெருவாய்த் தேடிவிட்டு வீடு திரும்பினேன். விருந்தின் படங்கள் பின்னர் வந்தன. பிரகாஷின் தாயார் முகத்தைப் பார்க்கலாம் என்று திறந்தேன். மறுபடி அணைந்தது.

அன்றிரவு வீடு திரும்பிய என் மனைவி சரோஜா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? பொண்ணோட அப்பாவுக்கு இதுல இஷ்டம் இல்லையோன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது? போன் செத்துப்போச்சுன்னா? அதை யாரு நம்புவா?"

"உண்மை அதுதானே."

"உண்மைய யாரு கேட்டா. அந்தம்மா ஆஸ்பத்திரில இத்தனை பேரை மேய்ச்சவங்க. சாக்குன்னா உடனே தெரியும்."

பிரகாஷின் தாயார் இராஜேஸ்வரி அம்மாள் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், பிடோக்கில் வசிப்பவர். எனக்கு விருப்பமில்லை என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊன்றிவிட்டால், இந்தச் சம்பந்தம் கசப்பில் தொடங்கும். ஒருவேளை தொடங்காமலே போகும். யாழினி உறங்கப் போகுமுன், "அப்பா, நிச்சயத்துக்குள்ள ஒரு போன் வாங்கிடுங்க. எதுனாலும் பரவால்ல" என்றாள். எதுவானாலும் பரவாயில்லை என்பது நான் வாழ்நாளில் ஒருமுறையும் ஏற்காத கொள்கை. நிச்சயதார்த்த நாள் வந்தது. கைபேசி வாங்கியிருக்கவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மாடிக் கூடத்தில், மாலை ஆறரைக்கு நிகழ்ச்சி. எனக்கு இடப்பட்ட பணி ஒன்றே ஒன்று. சிராங்கூன் சாலைக் கடையில் சொல்லி வைத்திருந்த லட்டுப் பெட்டிகளை வாங்கி, ஐந்தரைக்குள் கூடத்தில் சேர்க்கவேண்டும். விருந்தினர் அறுபது பேர், பெட்டிகள் அறுபது. ஒவ்வொன்றின் மேலும் மணமக்கள் பெயர் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு. அவர்கள் கை நிறையக் கொண்டுவரும் சீர்த்தட்டுகளுக்கு முன் நாங்கள் வைக்கப்போவது இந்த லட்டுதான் என்று சரோஜா மூன்று முறை நினைவூட்டியிருந்தாள்.

நாலரை மணிக்குப் பெட்டிகளைப் பெற்றேன். இரண்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மளிகை வாங்கப் போகும் எங்கள் இருசக்கரத் தள்ளுவண்டியில் கட்டினேன். கைபேசி கடையிலேயே அணைந்துவிட்டது. கவலைப்படவில்லை, கூடம் ஏழு நிமிட நடைதான். வழியில் ஒரு திடலோரம் நின்று, ஒட்டுச்சீட்டில் பெயர்கள் சரியாக உள்ளனவா என்று பார்க்க ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தேன். சரியாகவே இருந்தன. மூடியிருக்கலாம். தலையை நிமிர்த்தினேன்.

திடல் முழுவதும் தொழிலாளர்கள். துவாஸ் முதலிய தொழிற்பேட்டைகளின் விடுதிகளிலிருந்து விடுமுறை நாளைக் கழிக்க வந்தவர்கள். ஏறத்தாழ எல்லார் கையிலும் கைபேசி. திரையில் ஊரிலிருக்கும் மனைவி, பிள்ளை, ஓர் ஆட்டுக்குட்டி. அருகில் மின்னேற்ற வசதி எதுவும் இல்லை. ஒரு மின்கலத்துக்கு இதைவிடக் கடுமையான தேர்வை யாரால் வைக்க முடியும்? நான்கு மாதமாக நான் தேடிய சான்றுகள் புல்தரையில் அமர்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தன.

ஐந்து பேர் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறிப்பேட்டை எடுத்தேன்.

அருகில் கம்பித் தடுப்பில் சாய்ந்திருந்தவர் அப்போதுதான் பேசி முடித்திருந்தார். பெயர் செல்வம் என்று பின்னர் அறிந்தேன்.

"தம்பி, உங்கள் கைபேசியில் எத்தனை விழுக்காடு மீதமிருக்கிறது?"

"எதுக்குண்ணே?"

"தெரிந்துகொள்ளத்தான்."

என்னையும் என் வெள்ளைச் சட்டையையும் பார்த்தார். "அறுபத்தி நாலு."

"கடைசியாக எப்போது மின்னேற்றினீர்கள்?"

"என்ன ஏத்துனேன்?"

"சார்ஜ்."

"அதச் சொல்லுங்க. நேத்து ராத்திரி போட்டதுண்ணே. காலைலேருந்து பொண்டாட்டி லைன்லதான் இருக்கா."

எனக்குப் புல்லரித்தது. எழுதினேன். அதற்குள் அவருடைய நண்பர் ஒருவர் எட்டிப் பார்த்துத் தம் எண்ணையும் சொன்னார். சொல்லிவிட்டு, திறந்திருந்த அட்டைப்பெட்டியைச் சுட்டிக் கேட்டார்:

"ஒரு ஆளுக்கு ஒண்ணாண்ணே, ரெண்டா?"

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல உள்ளம் படைத்தவர்கள் இந்தப் பக்கம் உணவுப் பொட்டலம் வழங்குவதுண்டு. சட்டையை உள்ளே விட்ட ஒருவர் குறிப்பேட்டோடு நிற்பார். பெயரோ எண்ணோ கேட்டு எழுதுவார். பக்கத்தில் அட்டைப்பெட்டி இருக்கும். நான் அந்த இலக்கணத்துக்கு ஒரு குறையும் இல்லாமல் பொருந்தி நின்றேன்.

இல்லை, இது என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு உரியது என்று சொல்லியிருக்கவேண்டும். நீட்டிய இரண்டு கைகளைப் பார்த்தேன். "ஒன்று" என்றது என் வாய்.

திரும்பிப் பார்த்தபோது வரிசை நின்றிருந்தது. இந்த நாட்டில் வரிசைக்குக் காரணம் தேவையில்லை, வரிசையே காரணம். பின்னால் பேச்சுக் கேட்டது.

"என்ன குடுக்குறாங்க?"

"லட்டு. ஆனா போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு காட்டணும்."

"கம்மியா இருந்தா குடுக்க மாட்டாங்களா?"

"தெரியல. நீ முதல்ல அந்த வீடியோவ நிறுத்து."

பத்தாவது ஆளோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினோராவது ஆள், நான் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்தின் கைபேசியை வைத்திருந்தார்; எழுபத்தொன்று விழுக்காடு. லட்டு குறைந்தால் கடைக்குத் திரும்பி வாங்கிக்கொள்ளலாம், நேரம் நிறைய இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். இருபத்தைந்தாவது ஆள் தலை குனிந்து, "எனக்கு மூணுதாண்ணே இருக்கு" என்றார். அவர் கையைப் பற்றிக்கொண்டு, என் செத்த கைபேசியைக் காட்டினேன். இருவரும் சற்று நேரம் பேசினோம். நாற்பதுக்குப் பிறகு ஆய்வு ஆழமாயிற்று. எந்தச் செயலி எவ்வளவு மின்னாற்றலைத் தின்கிறது என்று காட்டும் பக்கத்தையும் திறந்து பார்க்கலானேன்.

ஒரே ஒரு பெட்டி எஞ்சியிருந்தபோது முன்னால் பட்டுப்புடவை ஒன்று வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார். இதுவரை பெண்களிடமிருந்து சான்று இல்லையே என்று மகிழ்ந்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

"எத்தனை விழுக்காடு, அம்மா?"

"இருபத்தி ரெண்டு. எதுக்கு இது? வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் தேடிட்டு இருக்காரு. கியூ இருந்துச்சு லா, அதான் நின்னேன்."

"இருபத்திரண்டு மிகக் குறைவு. எங்கே செலவாகிறது என்று பார்ப்போம்." கைபேசியை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து, வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தேன். "தொடர் நாடகம், மூன்று மணி நாற்பது நிமிடம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நேத்து விட்டுப்போச்சு. ரெண்டு எபிசோடும் சேத்துப் பாத்தேன்."

"முகத்தைப் பொலிவாக்கிக் காட்டும் செயலி, ஐம்பது நிமிடம். இது அவசியந்தானா, அம்மா?"

அவர் கைபேசியைத் திரும்பப் பெற்றார். நான் நீட்டிய பெட்டியை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒட்டுச்சீட்டைப் படித்தார். மறுபடி படித்தார்.

"பிரகாஷ். இது என் மகன் பேரு."

"நல்ல பெயர். பலருக்கு உண்டு."

"யாழினியும் பலருக்கு உண்டா?"

குறிப்பேட்டில் அவருடைய எண்ணை எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது.

"தமிழ் சாரா நீங்க?" என்றார், மிக அமைதியாக. காய்ச்சல் மானியைப் பார்த்துவிட்டு நோயாளியைப் பார்க்கும் குரல் அது.

"மணி என்ன, அம்மா?"

"ஆறே கால்."

கூடத்துக்கு இருவரும் சேர்ந்து நடந்தோம். காலி வண்டி பாதை நெடுகக் கடகடவென்று பேசிக்கொண்டு வந்தது. நான் இரண்டு முறை விளக்கம் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். விளக்கம் நின்றுவிட்டது. மகளின் வாழ்வை ஒரு குறிப்பேட்டுக்கு விற்றுவிட்டேன் என்று அந்த ஏழு நிமிடமும் என்னையே நொந்துகொண்டேன். இது நகைச்சுவையாகத் தோன்ற எனக்குப் பல மாதம் பிடித்தது.

மாடிப்படி மேலே சரோஜா நின்றிருந்தாள். சம்பந்தியைக் கண்டு மலர்ந்த முகம், வண்டியைக் கண்டு உதிர்ந்தது.

"என்னங்க, லட்டு எங்க?"

சொன்னேன். வேறு வழியில்லை.

"நாப்பது தடவை போன் பண்ணேன். சரி, உங்க போன் செத்துப்போச்சு. அறுபது பேர் போனை வாங்கி வாங்கிப் பாத்தீங்களே, ஒண்ணுல கூடவா மணி தெரியல?"

அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை. எல்லாத் திரையிலும் விழுக்காட்டுக்கு நேர் எதிரே மணி இருக்கிறது. அறுபது முறை அந்த வரியைப் படித்து, அதில் பாதியை மட்டும் எழுதியிருக்கிறேன். யாழினி சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

இராஜேஸ்வரி அம்மாள் உள்ளே போனார். பூவும் பழமும் வைத்திருந்த தாம்பாளத்தின் நடுவே தம் கையிலிருந்த ஒற்றைப் பெட்டியை வைத்தார். பிறகு சரோஜாவிடம் திரும்பினார்.

"அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்ல, பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டம் இல்லையோன்னு."

சரோஜா தலையசைத்தாள்.

"தப்பாக் கேட்டுட்டேன். இவருக்கு எல்லாத்துலயும் இஷ்டம். அதான் வியாதி." யாழினியின் கையைப் பிடித்து அருகில் இழுத்துக்கொண்டார். "ஆறரை ஆயிடுச்சு, ஆரம்பிங்க. லட்டு இது போதும். கியூல நின்னு வாங்கினது. வாயைத் திறங்கம்மா, நீங்கதான் முதல்ல" என்று சரோஜாவின் வாயருகே ஒரு துண்டை நீட்டினார்.

அந்த ஒரு லட்டு பிட்டுப் பிட்டுப் பதினான்கு பேருக்குப் போயிற்று. மற்றவர்களுக்கு உணவகத்துக் கேசரி.

மறுவாரமே கைபேசி வாங்கினேன். அறுபது சான்றுகளும் காட்டிய அதே வகை. செங்கல்லின் கனமும் அதன் அழகும் உடையது. இன்றும் இரண்டு நாள் நிற்கிறது. ஆய்வு பிழையற்றது என்று சொன்னால் வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. திருமணத்தன்று இனிப்பு இருந்த அறையின் சாவி என்னிடம் மட்டும் தரப்படவில்லை.

சென்ற மாதம் சம்பந்தியம்மாள் வந்திருந்தபோது, மேசைமேல் தம் கைபேசியை வைத்துப் பெருமூச்சுவிட்டார். காலையில் நூறு, மதியத்துக்குள் முப்பது என்றார். என் விரல்கள் தாமாகவே குறிப்பேட்டைத் தேடின. சரோஜா அதைப் பார்த்துவிட்டாள்; யாழினியும் பார்த்துவிட்டாள்.

"சார், நீங்களே ஒண்ணு விசாரிச்சு வாங்கிக் குடுங்க" என்றார் சம்பந்தியம்மாள். "அவசரமில்ல, நல்லா விசாரிங்க. ஆனா வெறுங்கையோட போங்க."